சகலை தொட்டால் நிற்கும் அம்பு

அந்த ஒரு வாரத்தில் என் மனைவி என்னைக் கூப்பிட்டதைவிட என் சகலையைக் கூப்பிட்டதுதான் அதிகம். சகலை என்றால் அவள் தங்கையைக் கட்டியவன். பார்சல் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்து பில் போடுகிறவன். காலையில் போட்ட சட்டை சாயங்காலமும் மடிப்புக் கலையாமல் இருக்கும். நான் வெல்டர். என் சட்டையில் பொறி விழுந்து ஓட்டையாகாத இடம் காலர் மட்டும்தான். என் மாமியார் போன் செய்தால் அவனைப் பற்றி, "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று கேட்பார். என்னைப் பற்றி, "அவரு வேலைக்குப் போயிட்டாரா?" என்பார். கேள்வியிலேயே ஆளைத் தரம் பிரித்துவிடுவார்.

என் மனைவி பதினோரு வருஷம் சலவைக் கம்பெனியில் நின்றுகொண்டே இஸ்திரி போட்டவள். அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றுதான் உண்டு, அது முதலாளியுடைய வேலை. முழங்கால் இரண்டும் வீங்கி, கழிப்பறையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் படம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இரண்டு மாசம் போய் உட்கார்ந்து இவளும் கற்றுக்கொண்டாள்.

வேலை இதுதான். கடைக்காரர்கள் செருப்பைத் தரையில் வைத்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். செருப்பின் ஓரத்தை மவுஸால் புள்ளி புள்ளியாகச் சுற்றிவந்து, தரை, சுவர், நிழல், படம் எடுத்தவனின் கால் விரல் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். வெள்ளையில் செருப்பு மட்டும் நிற்க வேண்டும். இவளுக்குச் சோதனையாகக் கொடுத்தது இருநூறு படம். திங்கட்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் முடித்தால் நிரந்தரமாக வேலை. இல்லாவிட்டால் திரும்ப இஸ்திரி மேசை.

கம்ப்யூட்டர் சகலை வீட்டில் கழித்தது. "புதுசு வாங்கிட்டோம்ணே, இது சும்மாதான் கெடக்கு" என்று தூக்கிவந்து வைத்தான். சும்மா கிடப்பதைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டு, என் மனைவி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போனான். எனக்கு வயிறு எரிந்தது. சரி, கம்ப்யூட்டர்தான் அவனுடையது, மேசையாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஒரு ஹோட்டல் சமையலறை வேலையில் மிஞ்சிய எவர்சில்வர் தகடு பட்டறையில் இருந்தது. நல்ல கனம். அளந்து வெட்டி, ஓரம் மடித்து, நாலு கால் வைத்துப் பற்றவைத்தேன். பற்றிய இடத்தைத் தேய்த்து, எங்கே சேர்த்தேன் என்று எனக்கே தெரியாதபடி ஆக்கினேன். அப்புறம் மூன்று நாள் பஃபிங். பாலீஷ் சோப்பு வைத்து, துணிச் சக்கரம் வைத்து, மேலே குனிந்தால் மூக்குமுடி தெரிகிற அளவுக்கு. என் இருபத்து நாலு வருஷத் தொழிலில் அப்படி ஒரு பாலீஷ் நான் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். அவள் கையால் தடவிப் பார்த்து, "எம்மாடி, தலைவாரலாம் போலிருக்கே" என்றாள். அன்றைக்கு ஒரு நாள் நான்தான் ராஜா.

திங்கட்கிழமை காலையிலேயே ராஜ்ஜியம் போய்விட்டது.

"சீ! போகுது பாரு! எங்க போற நீ?"

குளித்துக்கொண்டிருந்தவன் ஓடிவந்து பார்த்தேன். திரையில் மவுஸின் அம்பு இருக்கிறதே, அது சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. இவள் செருப்பின் ஓரத்தில் நிறுத்தினால் துள்ளி வார் மேல் போய் நிற்கிறது. நகர்த்தினால் கொஞ்ச தூரம் வருகிறது, அப்புறம் முளை அடித்ததுபோல் அசையாமல் நிற்கிறது, திடீரென்று மூலைக்கு ஓடுகிறது. ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் ஆகவேண்டியது அரைமணி ஆகிறது.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்றேன்.

"இது என்ன இரும்பாங்க நீங்க பாக்கறதுக்கு? தம்பிய வரச் சொல்லியிருக்கேன்."

ஏற்கனவே போன் செய்துவிட்டாள். நான் அடுத்த அறையில் தலையில் சோப்போடு இருக்கிறேன், அவள் ஊரின் அந்தக் கோடியில் இருப்பவனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆபீஸ் போகிற வழியில் வந்தான். கையில் எப்போதும் வைத்திருக்கும் கெட்டி அட்டைப் பைல். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "மேசை சில்லுன்னு இருக்கேண்ணே!" என்றான். பாராட்டா, நக்கலா என்று தெரியவில்லை. திரையில் எதையோ திறந்தான், உள்ளே போனான், இன்னும் உள்ளே போனான், இரண்டு இடத்தில் தட்டினான். பத்து நிமிஷம்.

"இப்ப பாருங்கண்ணி."

அம்பு வழுக்கிக்கொண்டு போனது. நிறுத்திய இடத்தில் நின்றது. இவள் கைதட்டினாள். அந்த வயசில் கைதட்டுகிறாள்!

"என்ன தம்பி பண்ணீங்க?"

"ஸ்பீடு கொஞ்சம் செட் பண்ணேன். அவ்ளோதான்."

"இவரு இப்பதான் மவுஸ ஒடச்சுப் பாக்கப் போனாரு. நல்லவேளை வந்தீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு டீ ஊற்றுகிற பெரிய டம்ளரில் அவனுக்கு டீ வந்தது.

அவன் போனதும் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு இவள் வந்து உட்கார்ந்தாள், அம்பு மறுபடி குதித்தது.

அன்று வேலைக்குப் போன இடத்தில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. வெல்டிங் மெஷினில் ஏதாவது கோளாறு என்றால் நாங்கள் முதலில் பார்ப்பது எர்த். எர்த் கிளாம்பு சரியாகக் கடிக்கவில்லை என்றால் நெருப்பு நின்று எரியாது, துள்ளும். அம்பும் அப்படித்தானே துள்ளுகிறது? சாயங்காலம் நாலு மீட்டர் செம்பு ஒயர் வாங்கிவந்தேன். மேசைக் காலில் ஒரு முனையை முறுக்கி, ஜன்னல் வழியாக வெளியே விட்டு, தண்ணீர்க் குழாயில் மறு முனையைக் கட்டினேன்.

"என்னங்க இது, மாட்டக் கட்டற மாதிரி மேசையக் கட்டி வச்சிருக்கீங்க?"

"எர்த். இப்ப ஓட்டிப் பாரு."

ஓட்டினாள். குதித்தது. அவள் தங்கை போனில் இருந்தாள். "உங்க மாமா மேசைக்குக் கயிறு போட்டிருக்காருடி, ஓடிப்போயிடும்னு" என்று இவள் சொல்ல, அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் அவன் சிரிப்பும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை புது மவுஸ் வாங்கிவந்து மாட்டினேன். அதுவும் குதித்தது. தூசி என்று நினைத்தேன். மேசையில் தூசியோ கைரேகையோ இருந்தால் மவுஸ் தடுமாறும் என்பது என் கணக்கு. அன்றிலிருந்து தினமும் காலையில் பாலீஷ் சோப்பு போட்டு, பனியன் துணியால் மேசையைத் தேய்த்துப் பளபளக்க வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினேன். நான் தேய்க்கத் தேய்க்க அம்புக்குப் பைத்தியம் முற்றியது. அவன் வந்தான், உட்கார்ந்தான், தட்டினான், அம்பு நின்றது. அவன் போனான், அம்பும் போனது.

புதன்கிழமை எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவன் சரி செய்வதில்லை, கெடுத்து வைத்துவிட்டுப் போகிறான். போகும்போது உள்ளே ஏதோ ஒன்றைத் திருகி வைக்கிறான், அவன் தெருமுனை தாண்டுவதற்குள் அது அவிழ்கிறது. மறுநாளும் கூப்பிட வேண்டும், மறுநாளும் பெரிய டம்ளரில் டீ குடிக்க வேண்டும், "நல்லவேளை வந்தீங்க தம்பி" என்று கேட்க வேண்டும். என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன், அப்படி வேலை செய்கிற ஆட்களை. கதவு கீலை ஒரு நூல் சாய்த்து வைத்துவிட்டு வருவார்கள்.

வியாழக்கிழமை அவன் பின்னாலேயே நின்று கண்கொட்டாமல் பார்த்தேன். விரலையே பார்த்தேன். திரையையே பார்த்தேன்.

"என்னண்ணே, கத்துக்கறீங்களா?"

"கத்துக்கிட்டா உனக்கு வேலை போயிடுமே."

"போனா போகுது. நான் உங்க பட்டறைக்கு வந்துடறேன்."

"வா. ஒரு நாள் வெயில்ல மேல ஏறி நில்லு. சட்டை மடிப்பு என்னாகுதுன்னு பாப்போம்."

என் மனைவி என்னை முறைத்தாள். அவனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. எனக்கு அது இனித்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை நடந்த கட்டடத்தில் கரண்ட் போனது. பன்னிரண்டரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். மேசைமேல் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தாள், நூற்றுப் பத்துப் படம் முடிந்திருக்கிறது. இன்னும் தொண்ணூறு. நாளை ஆறு மணி வரை.

அவன் உள்ளே என்ன திருகி வைத்திருக்கிறான் என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். எதைத் திறப்பது என்று தெரியவில்லை. மவுஸை நகர்த்தினேன், குதித்தது. ஆத்திரத்தில் மவுஸை ஒரு விரல் உயரம் தூக்கினேன். அதன் வயிற்றில் ஒரு சிவப்பு விளக்கு. அந்தச் சிவப்பு என் தகட்டில் பட்டு எகிறி நேராக என் கண்ணில் அடித்தது.

கையை அப்படியே நிறுத்தினேன்.

பாலீஷ் போட்ட எவர்சில்வரில் பற்றவைத்தவனுக்கு அது தெரியும். முகத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி இருந்தாலும், வெளிச்சம் தகட்டிலிருந்து கீழ்வழியாக ஏறித் தாடைக்கடியில் சுட்டுவிடும். இந்த மவுஸ் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் கீழே பார்த்துத்தான் நடக்கிறது போலிருக்கிறது. பார்க்கக் கீழே என்ன இருக்கிறது? ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி அழுக்கு இல்லை. இருந்த கொஞ்சநஞ்சத்தையும் நான் தினம் காலையில் துடைத்தெடுத்திருக்கிறேன். அதற்குக் கண் கூசுகிறது, வழி தெரியாமல் துள்ளுகிறது.

பையில் உப்புத்தாள் இருந்தது. சொரசொரப்பைக் கீழே போட்டு, தாள் பக்கம் மேலே வரும்படி விரித்து, அதன்மேல் மவுஸை வைத்தேன். அம்பு பிள்ளைப் பூச்சிபோல நகர்ந்தது. நிறுத்தினேன், நின்றது.

சகலையின் பைல் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேசை சில்லென்று இருக்கிறது என்று பைலைக் கைக்கடியில் போட்டு, அதன்மேல்தான் அவன் மவுஸை ஓட்டுவான். எழுந்து போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவான். நாலு நாளாக நான் அவன் விரலைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன். விரலுக்கடியில் பார்க்கவில்லை. அவன் ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தெரியவும் இல்லை. அவனுடைய அட்டை செய்தது.

குற்றம் என் மேசையில். நான் மூன்று நாள் உயிரைக் கொடுத்துப் போட்ட பாலீஷில்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உப்புத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால், எனக்கு அந்த நிமிஷம் தோன்றியது ஒன்றுதான். அவனை வரவழைக்க வேண்டும். பைலை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் அவனை முழிக்கவிட வேண்டும்.

அவள் உட்கார்ந்து மவுஸைத் தொட்டாள். குதித்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"தம்பிய வரச்சொல்லட்டுமா?" என்றாள், என் முகத்தைப் பார்த்துப் பயந்தபடி.

"சொல்லு" என்றேன். "உன் தங்கச்சியையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

ஆச்சரியமாகப் பார்த்தாள். போனில் அவன், ஆபீசில் லீவு சொல்ல முடியாது, ஐந்து மணிக்குத்தான் வருவேன் என்றான். அதுவரை அவள் குதிக்கிற அம்போடு மல்லுக்கட்டினாள். ஒரு படம். அழிப்பாள். மறுபடி அதே படம். நான் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் சட்டைப் பைக்குள் உப்புத்தாள் இருந்தது. நாலு மணி நேரம்.

இரண்டு பேரும் வந்தார்கள். வாசலிலேயே எதிர்கொண்டு, "குடு தம்பி, பைல நான் வச்சிருக்கேன்" என்று மரியாதையாக வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்தான். உள்ளே போனான், தட்டினான். குதித்தது. வெளியே வந்து வேறு வழியாக உள்ளே போனான். குதித்தது. மெஷினையே அணைத்துப் போட்டான். குதித்தது. கழுத்தில் வியர்வை கோடாக இறங்கி மடிப்புக் கலையாத காலருக்குள் போனது.

"என்ன தம்பி, இன்னிக்கு ஸ்பீடு செட் ஆகலியா?" என்றேன்.

"ஆகலண்ணே."

"உள்ள போய்ப் பாரு. நீ போகாத உள்ளா?"

என் மச்சினி முகம் சிவந்தது. "ஏன் மாமா அப்படிப் பேசறீங்க? அவரு என்ன வேலைவெட்டி இல்லாமயா வர்றாரு?"

இப்படி ஒரு மணி நேரம். நான் எதிர்பார்த்ததெல்லாம் நடந்தது. அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவன் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அண்ணி, உண்மையச் சொல்லிடறேன். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. இத்தன நாளும் சும்மா அங்க இங்க தட்டினேன், தானா சரியாச்சு. நீங்க சந்தோசப்பட்டீங்களா, அப்படியே விட்டுட்டேன். என்னால உங்க வேலை கெட்டுடுச்சு. மொதல்லயே கடையில குடுத்திருக்கலாம்."

அவள் அவனைத் திட்டவில்லை. கோடு போட்ட தாளை எடுத்து மடித்தாள்.

"விடுங்க தம்பி. நான் திங்கட்கெழம போய் சலவைக் கம்பெனி மேஸ்திரியப் பாக்கறேன். ஆள் எடுக்கறாங்களாம்." சொல்லிவிட்டு எழுந்தாள். முழங்கால் மடங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகட்டில் அவள் முகம் அப்படியே தெரிந்தது.

என் கையில் அவன் பைல் இருந்தது. மேசைமேல் போட்டேன். மவுஸை எடுத்து அதன்மேல் வைத்தேன்.

"இதுல ஓட்டு."

யாருக்கும் புரியவில்லை. அவள் நின்றபடியே ஓட்டினாள். அம்பு போனது. நின்றது. செருப்பின் ஓரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். என் சகலை பைலையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தான். "அட, பளபளப்பா!" என்றான்.

"ஆமா. மேசைதான் கோளாறு" என்றேன்.

என் மனைவி திரும்பவில்லை. "எப்ப தெரிஞ்சுது?" என்றாள்.

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியும் இருப்பாள். அவன் சற்றுமுன் மடியில் கை வைத்துக்கொண்டு பேசிய பேச்சு என் வாயை அடைத்தது. அதிலும் அவன் என்னை முந்திவிட்டானே என்று இருந்தது.

"மத்தியானம்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அடுத்த படத்தைத் திறந்தாள். சகலை எழுந்து, "பைல் இங்கயே இருக்கட்டும் அண்ணி" என்று சொல்லி, உள்ளே இருந்த தாள்களை மட்டும் உருவிக்கொண்டு போனான். என் மச்சினி என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் முடித்தது நூற்று எழுபத்தெட்டு. இருபத்திரண்டு பாக்கி. ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம் என்றால் நான் கட்டிலில் சாய்ந்திருந்த நேரத்துக்கு இருபத்து நாலு படம். எனக்கே இந்தக் கணக்கு போட வந்தது, அவளுக்கு வராதா? ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

படம் வெட்டுகிற கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வேலை சுத்தம், ஆனால் வேகம் போதாது. ஒரு மாசத்துக்குப் பாதி வேலை தருகிறோம், பிறகு பார்க்கலாம். பாதிச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது. அவள் போய்ப் பார்த்தபோது சலவைக் கம்பெனி மேஸ்திரி காலை ஷிப்ட் மட்டும் நிற்கச் சொன்னார், ஒரு மணி வரை.

மாமியார் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த எலி சரியாயிடுச்சாடி?"

"சரியாயிடுச்சும்மா."

"யாரு பண்ணா?"

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "தம்பிதாம்மா. அவரோட பைலதான் அடியில வச்சு ஓட்டிட்டிருக்கேன்."

"அதான பாத்தேன். மாப்பிள்ளை கை வச்சா சும்மாவா?"

கண்டுபிடித்தது நான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று மாமியார் கேட்பார். வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை சலவைக் கம்பெனி வாசலில் அவளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டேன். உள்ளேயிருந்து ஆவி வாடை வந்தது. சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஒரு மணிக்கு நீங்க வர வேணாம். வேலையக் கெடுத்துக்காதீங்க. தம்பிக்கு அந்நேரம் சாப்பாட்டு டைமு, இந்த வழியாத்தான் போறாராம். ஏத்திக்கிட்டுப் போறேன்னாரு."

"நானே வர்றேன்."

"எதுக்குங்க வீணா?"

"வர்றேன்னு சொல்றேன்ல?"

ஒரு காலை இழுத்தபடி படியேறினாள். எனக்கு அன்று மொட்டை மாடியில் கைப்பிடிக் கம்பி பற்றவைக்கிற வேலை. பதினொன்றுக்கெல்லாம் கை ஓடவில்லை. பாதியில் போட்டுவிட்டு, கட்டட மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டரைக்கே வந்து சலவைக் கம்பெனி கேட்டை அடைத்தாற்போல வண்டியை நிறுத்தினேன். தெருமுனையில் வருகிற ஒவ்வொரு வண்டியிலும் வெள்ளைச் சட்டை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.